மூன்று செட் வெள்ளை உடுப்பு

"நான் பூட்டுறவன்டி. தாலாட்டுறவன் இல்ல."

என் வீட்டுக்காரர் என் மேல் எரிந்து விழுந்து சொன்ன வார்த்தை இது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கிறது, கை அதில் படவில்லை. நானும் விடவில்லை.

"பூட்டுறதுக்கு முன்னாடி உள்ள யாரு யாரு இருக்கான்னு பார்க்க மாட்டீங்களா? பாம்பையும் தவளையையும் ஒரே பானையில போட்டு மூடிட்டு, மூடி இறுக்கமா இருக்குன்னு பெருமை பேசுறீங்களே."

"நாப்பத்திரண்டு பேரு. ஒருத்தனும் வெளிய போகல. அதுக்குத்தான்டி எனக்குச் சம்பளம்."

அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டு, குரலை இறக்கி இன்னொன்று சொன்னார். "அன்னிக்கு நீ என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா?"

என் வாய் அடைத்துப் போனது. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் என் வாய் பிரசித்தம். தண்ணீர்க் குழாயடியில் நான் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். அந்த வாய் அன்று அடைத்தது. அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பதை ஒளித்து வைக்கப் போவதில்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன். எழுதுவது என் மகள். எனக்கு எழுத்து வராது. சில இடங்களில் அவள் பேனாவை நிறுத்துகிறாள். எழுதுடி என்கிறேன்.

அவர் சிறைக் காவலராக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். காவலர் என்றதும் மீசையும் தடியுமாக நினைக்க வேண்டாம். ஒல்லி ஆள். பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நிற்பார். கைதியை அடித்ததில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை, ஒரு பீடிக்கட்டுகூட உள்ளே கடத்தியதில்லை. அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு பூட்டு. பூட்டியதும் ரெண்டு இழு இழுப்பார். பத்தடி நடந்து போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி ரெண்டு இழு. உள்ளே இருந்த கைதிகள் வைத்த பெயர் 'ரெண்டு இழுப்பு'. அந்தப் பெயர் மதிலைத் தாண்டிக் குவார்ட்டர்சுக்கு வந்து, கடைசியில் என்னையும் 'ரெண்டு இழுப்பு வீட்டம்மா' ஆக்கிவிட்டது. வீட்டிலும் அதே கதைதான். வாசல் கதவு, சைக்கிள், மீட்டர் பெட்டி, எல்லாவற்றையும் இழுத்துப் பார்ப்பார். ஒரு தடவை குளியலறைக் குழாயை மூடிவிட்டு அதையும் ரெண்டு இழு இழுத்தார். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடிக்க, நனைந்துகொண்டே நின்று, "இது பூட்டு இல்ல" என்றார். நானும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவர் காவலில் ஒருத்தனும் தப்பியதில்லை. அதுதான் அவருடைய பெருமை. காலையில் ஆறு மணிக்கும் சாயந்தரம் ஆறு மணிக்கும் தலையை எண்ணி, ஒரு நீள நோட்டில் 'எண்ணிக்கை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு பழைய நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த ரெண்டு வார்த்தையை எனக்குக் காட்டினார். "இதைத் தெரிஞ்சுக்கோ போதும். உன் புருஷன் என்ன வேலை பாக்குறான்னு தெரிஞ்ச மாதிரி." என் பெயரைப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. அந்த ரெண்டு வார்த்தையின் உருவம் மட்டும் தெரியும்.

அதே நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு பகுதி உண்டு. யாராவது கைதி தன்னை அடிக்கப் போகிறார்கள், உயிருக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால், காவலர் அதை அங்கே எழுத வேண்டும். யார் சொன்னது, எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதி அன்றைக்கே ஜெயிலர் மேஜைக்குக் கொண்டு போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று வரிசையில் நிற்க வைத்து இதையெல்லாம் வாசித்துக் கையெழுத்து வாங்கினார்களாம். முன்பக்கம் தேய்ந்து கிழிந்து நோட்டு மேல் நோட்டு மாறியது. பின்பக்கம் எப்போதும் புதுசாகவே இருந்தது.

ஜெயிலுக்குள் ஒரு தையல் கூடம். கைதிகளின் உடுப்பும், ஆஸ்பத்திரிக்குப் போர்வையும் அங்கேதான் தைப்பார்கள். கத்தரிக்கோல்கள் ஒரு பலகையில் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே உருவத்தைக் கறுப்புப் பெயிண்டால் வரைந்திருக்கும். ஒன்று குறைந்தால் கறுப்பு உருவம் மட்டும் தனியாகத் தெரியும். அங்கே வேலை செய்தவர்களில் நிஜத் தையல்காரர் ஒருத்தர்தான். வெளியே கடை வைத்திருந்தவர். கடையைக் காலி செய்யச் சொல்லித் தினமும் வந்து கத்திய கட்டிடச் சொந்தக்காரர் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வீசிக் காயப்படுத்திவிட்டு ஒரு வருஷம் வாங்கி வந்தவர். அந்த ஒரு கோபத்தைத் தவிர மனுஷனிடம் வேறு கோபமே கிடையாது என்பார் என் வீட்டுக்காரர்.

காவலர்கள் தங்கள் வீட்டுத் துணியை உள்ளே கொடுத்துத் தைத்துக்கொள்வது கூடாது. எழுதி ஒட்டியே வைத்திருந்தார்கள். ஆனால் எங்கள் வரிசையில் இருபத்துநாலு வீடு, இருபத்துநாலு வீட்டு ஜன்னல் திரையும் ஒரே தையல். ஜெயிலர் வீட்டுத் திரைக்கு மட்டும் ஓரத்தில் சுருக்கு வைத்திருக்கும், அவர் பெரிய அதிகாரி ஆயிற்றே. எங்கள் வீட்டுக்காரர் இதிலும் கடைசி ஆள். ரொம்ப நாள் மாட்டேன் என்றுதான் இருந்தார். நான்தான் நச்சரித்து மாற்றினேன். "ஊரே நனையுது, நீங்க மட்டும் குடை பிடிக்கிறீங்க" என்பேன்.

அந்த வருஷம் மகளுக்கு அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் பள்ளியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். மூன்று செட் வெள்ளை உடுப்பு, முழங்காலுக்குக் கீழே நாலு விரல், காலர் வைத்து. வெளியே ஒரு தையல் கடையில் கேட்டேன். செட்டுக்கு நூறு ரூபாய் கூலி என்றதும் தலை சுற்றியது, அதுவும் பதினைந்து நாள் ஆகும் என்றான். வேறெங்கும் நான் விசாரிக்கவில்லை. உள்ளே ஒரு ஆள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்று என் மனசில் ஓடியது.

எனக்கு இன்ச் டேப் பார்க்கத் தெரியாது. மகளை நிற்க வைத்து ஒரு நீள நூலால் அளந்தேன். தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ரெண்டு, உயரத்துக்கு மூன்று. அந்த நூலைச் சுருட்டி அவர் சட்டைப் பையில் போட்டுத் துணியோடு அனுப்பினேன். தையல்காரர் அதைப் பார்த்துச் சிரித்தாராம். "வீட்ல அம்மா நம்ம தொழிலுக்கு வந்திருந்தா எனக்கு வேலை இருக்காதுங்கய்யா" என்றாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு வீட்டில் போய்ச் சொன்னேன்.

இதற்கு ரெண்டு வாரம் முன்னால் பலகையில் ஒரு கறுப்பு உருவம் தனியாகத் தெரிந்திருக்கிறது. ஒரு கத்தரிக்கோலைக் காணவில்லை. எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டபோது தையல்காரர் தான் பார்த்ததைச் சொல்லிவிட்டார். 'கட்டை' என்று ஒருத்தன், குள்ளமாகத் தோள் அகலமாக இருப்பான், அவன்தான் இடுப்பில் செருகிக்கொண்டு போனான் என்று. அவன் தலையணைக்குள் அது கிடைத்தது. அவனைப் பதினாலு நாள் தனிக் கொட்டடியில் போட்டார்கள். அந்தப் பதினாலு நாள் சனிக்கிழமையோடு முடிகிறது. முடிந்தால் கட்டை திரும்பி வரப்போவது தையல்காரர் படுக்கிற அதே நீளக் கொட்டடிக்குத்தான்.

வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் தையல் கூடத்துக்கு உடுப்பு எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கப் போயிருக்கிறார். தையல்காரர் தலையை நிமிர்த்தவில்லை. சத்தம் வெளியே கேட்காமல் இருக்க மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னாராம். "அய்யா, சனிக்கிழமை அவன் வர்றான். ஆள் சொல்லி அனுப்பிட்டான், என் கையை எடுத்துடுவேன்னு. அதுக்குள்ள என்னைக் கிழக்குக் கொட்டடிக்கு மாத்தச் சொல்லுங்க. உங்களைத் தவிர யார்கிட்டயும் சொல்ல முடியாது."

கிழக்குக் கொட்டடி என்பது வயசானவர்களையும் சீக்காளிகளையும் வைத்திருக்கிற இடம். தனி மதில், தனிக் கதவு. அங்கே இருப்பவர்களைத் தையல் கூடத்துக்கு விடமாட்டார்கள்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தவர் பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். நோட்டில் எழுத வேண்டும், ஆனால் எழுதினால் எங்கே வைத்துச் சொன்னான் என்று கேட்பார்கள், அந்த நேரத்தில் உனக்குத் தையல் கூடத்தில் என்ன வேலை என்று கேட்பார்கள் என்றார். எழுதாமல் வாயால் சொல்லலாமே என்றேன். ஜெயிலர் எழுதாத எதற்கும் ஆளை மாற்றமாட்டார் என்றார்.

"எழுதுனா உடனே மாத்திடுவாங்களா?"

"அன்னிக்கே மாத்தணும்."

"அப்ப உடுப்பு?"

அவர் பூட்ஸ் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னது இதுதான். "திங்கக்கிழமை நம்ம பொண்ணு எதைப் போட்டுக்கிட்டுப் போய் நிப்பா? உடுப்பை முடிச்சுக் குடுத்துட்டு மாறட்டும். நாலு நாள்ல என்ன ஆயிடப் போகுது? உள்ள இருக்கிறவன் எல்லாம் உத்தமனா, ஒருத்தனை ஒருத்தன் மிரட்டாம இருக்க?"

இதை எழுதும்போது மகள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அவர் எதற்காக அதை வீட்டுக்குக் கொண்டு வந்தார் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள். ஒரு பக்கமாகத் தள்ளிவிட ஆள் தேடி வந்தார். எந்தப் பக்கம் தள்ளுவது என்பது என் கையில் இருந்தது. "போய் எழுதிட்டு வாங்க, பொண்ணு பழைய துணியில போகட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அந்தப் பூட்ஸோடயே திரும்பிப் போயிருப்பார். அதனால்தான் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

சனிக்கிழமை ரெண்டு செட் வந்தது. மூன்றாவதில் ஒரு கை வைக்க வேண்டியிருந்தது. மகள் போட்டுப் பார்த்தாள். முடிச்சு நூலுக்கு அவ்வளவு சரியாக உட்கார்ந்திருந்தது. தையல்காரர் எதையாவது கேட்டாரா என்றேன். "சொல்லிட்டீங்களாய்யான்னு கேட்டான். திங்கக்கிழமை மாத்திடலாம்னு சொன்னேன்" என்றார். அன்று சாயந்தரம் கட்டை வந்து சேர்ந்தான். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவரைக் கேலிகூடச் செய்தேன், "பார்த்தீங்களா, வானம் இடிஞ்சு விழலையே" என்று. அவரும் சிரித்தார். சாயந்தரம் ஆறு மணிக்குப் போய் நாற்பத்திரண்டு பேரை எண்ணி, பூட்டி, ரெண்டு இழு இழுத்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுத்துவிட்டு வந்தார்.

ராத்திரிக் காவல் இன்னொருத்தருடையது, கனமான கண்ணாடி போட்ட ஆள், சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள். தன் காதில் எந்தச் சத்தமும் விழவில்லை என்றார் அவர். நாற்பது கைதிகளும் நல்ல தூக்கம் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை என் வீட்டுக்காரர் கம்பிக்கு வெளியே நின்று எண்ணினார். எல்லோரும் எழுந்து வரிசையில் உட்கார்ந்திருக்க, ஒரு ஆள் மட்டும் போர்வைக்குள் படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த காலை வைத்து அவரையும் எண்ணிக்கொண்டார். நாற்பத்திரண்டு. 'எண்ணிக்கை சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அப்புறம்தான் பூட்டைத் திறந்தார், போர்வையை விலக்கினார். வலது கை விரல் மூன்றைக் கட்டில் காலுக்கு அடியில் வைத்து நசுக்கியிருந்தார்கள். வாயில் துணி. முகம் அடையாளம் தெரியவில்லை. மூச்சு இருந்தது.

அதே காலையில் அதே மணிக்கு என் மகள் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு நர்ஸ் பள்ளிக்குக் கிளம்பினாள். நான் தெரு முனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் நடந்த சண்டையைத்தான் முதலில் சொன்னேன். அவர் மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று அப்போது எனக்கே புரியவில்லை. இப்போது புரிகிறது. அவரைத் திட்டிக்கொண்டிருந்தால் என் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள்.

அந்த வாரமே சூப்பரிண்டெண்ட் கூப்பிட்டு விசாரித்தார். தையல்காரன் முன்கூட்டியே ஏதாவது சொன்னானா என்று கேட்டார். நோட்டின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இல்லய்யா" என்று சொல்லிவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர். ஜெயிலர் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். யாரும் சொல்லவில்லை என்றால் யாருக்கும் தெரியாது, தெரியாததற்கு ஜெயில் பொறுப்பில்லை. எல்லாம் அந்த ஒரு 'இல்லய்யா' மேல் நின்றது. ஆஸ்பத்திரியில் கிடந்த தையல்காரர், நான் வியாழக்கிழமையே ரெண்டு இழுப்பு அய்யாகிட்ட சொன்னேன் என்று தன் வக்கீலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டில் இல்லாததை யார் நம்புவார்கள்?

பத்து நாள் கழித்து ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறவள், அந்தச் சீருடைச் சேலையோடு வந்திருந்தாள். தையல்காரரின் சம்சாரம். உள்ளே வரச் சொல்லவில்லை நான். அவளும் எதிர்பார்க்கவில்லை. அழவுமில்லை.

"அக்கா, காசு கேட்டு வரல. அவர் சொன்னாரா இல்லையா, அதை மட்டும் உங்க வீட்டுக்காரரை நெசமா சொல்லச் சொல்லுங்க."

"உன் புருஷன் ஒழுங்கா இருந்திருந்தா எதுக்கும்மா உள்ள வந்திருக்கப் போறான்?" என்றேன். இப்படி ஒரு வாய் எனக்கு.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "தப்புப் பண்ணாரு, ஒரு வருஷம் இருன்னு ஜட்ஜ் எழுதுனாரு. கையை உடைங்கன்னு எழுதலக்கா."

அவள் கண் என்னைத் தாண்டிக் கொடிக்குப் போய்விட்டது. மகளின் உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. அவள் கிட்டப் போனாள். காலரைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில், சின்னதாகக் குறுக்கே ஒரு தையல் போட்டிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"இது அவரு போடுறது. நைஞ்சு போற எடத்துல ஒரு தையல் கூட. வேற யாரும் போட மாட்டாங்க." காலரை அது இருந்த மாதிரியே திருப்பி நீவிவிட்டாள். "எப்ப தைச்சாரு?"

நான் சொல்லவில்லை. அவள் திரும்பக் கேட்கவில்லை. போய்விட்டாள். திரும்பினால் மகள் கதவடியில் நிற்கிறாள்.

அவளிடம் அதுவரை கடைத் துணி, தெரிந்த தையல்காரர் என்று சொல்லி வைத்திருந்தோம். அன்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாள். அப்பா வந்ததும் அவரிடமும் கேட்டாள். கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் கேட்பது மாதிரி எப்போது, எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அவர் குழந்தை மாதிரிப் பதில் சொன்னார். நான் வியாழக்கிழமை சொன்ன வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அந்த ரெண்டு உடுப்பையும் மடித்து, அவர் காவல் தொப்பியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். கூடப் படிக்கிற பெண்ணிடம் ஒன்று கடன் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண் ரெட்டை உடம்பு. என் மகள் அதற்குள் கூடாரத்துக்குள் இருக்கிற மாதிரி இருந்தாள். ஒரு நாள் அவளாகவே கைதிகள் வார்டுக்குப் போய்த் தையல்காரரைப் பார்த்திருக்கிறாள். யார் மகள் என்று சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷன் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது நான் தைச்சது இல்லையேம்மா. இவ்வளவு லூஸா விடமாட்டேன்" என்றாராம்.

அதைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரர் ராப்பகலாகப் பூட்டை இழுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ரெண்டு மாசம் கழித்து நீதிபதி அம்மா ஒருத்தர் விசாரணைக்கு வந்தார். நடுவயசு, மெல்லிய குரல். விசாரணை நாள் காலையில் என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னிடம், "என்ன சொல்லட்டும்?" என்றார். மறுபடியும் தள்ளிவிட ஆள் தேடினார். சொன்னால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், பென்ஷன் போகும். எனக்கு அதெல்லாம் கண் முன்னால் வந்தது. இந்த முறை நான் எந்தப் பக்கமும் தள்ளவில்லை. நல்ல எண்ணத்தில் இல்லை. பயத்தில். "உங்க இஷ்டம்" என்றேன்.

நானும் கூடப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ரெண்டு பெஞ்சு முன்னால் அந்த ஆயா உட்கார்ந்திருந்தாள். நீதிபதி அம்மா மேஜையில் அந்த நீள நோட்டு விரித்து வைத்திருந்தது. அவர் அதைத் தூக்கி எல்லோரும் பார்க்கிற மாதிரிப் பிடித்தார். தூரத்திலிருந்தும் எனக்கு அந்த ரெண்டு வார்த்தையின் உருவம் தெரிந்தது. அந்தத் திங்கட்கிழமைப் பக்கம்.

ஜெயில் தரப்பு வக்கீல் கைதிகளுக்குள் நடந்த சண்டை, ஜெயிலுக்குச் சம்பந்தம் இல்லை, யாருக்கும் முன்னால் தெரியாது என்று நீட்டி முழக்கினார். நீதிபதி அம்மா குறுக்கே பேசவில்லை. அவர் முடித்ததும் என் வீட்டுக்காரரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"வெளிய இருக்கிற ஒருத்தரை அடிக்க வந்தா அவர் ஓடலாம், கதவைச் சாத்திக்கலாம். இவரால முடியாது. கதவு உங்ககிட்ட இருக்கு, சாவியும் உங்ககிட்ட. அதனால அவரைப் பத்திரமா வெச்சுக்கிற வேலையும் உங்களோடது. இரக்கம் இருந்தா செய்யலாம்னு சட்டம் விடல, செய்யணும்னு சொல்லுது. இப்ப சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஜெயிலர் தொண்டையைச் செருமினார். என் வீட்டுக்காரர் அவர் பக்கம் திரும்பவில்லை.

"தெரியும்மா. வியாழக்கிழமை, மூணே கால் மணி, தையல் கூடம். என் பொண்ணு உடுப்பைத் தைச்சுக்கிட்டே சொன்னாரு."

அந்த ஆயா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.

"ஏன் எழுதல?"

"எழுதுனா ஆளை மாத்திடுவாங்க. உடுப்பு முடியாது."

"இந்த முடிவு யார் எடுத்தது? மேல யாராவது சொன்னாங்களா? வேற யாராவது சொன்னாங்களா?"

அவர் கண் ஒரு தடவை கடைசி பெஞ்சுக்கு வந்தது. ஒரே ஒரு தடவை.

"நானேதாம்மா" என்றார்.

நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். நின்று, நான் சொன்னேன் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீருக்கு நாலு தெருவைக் கூப்பிட்டு நியாயம் பேசுகிற வாய் இது. பெஞ்சின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீதிபதி அம்மா எழுதிக்கொண்டார். அவர் எழுதியதும் அது நிஜமாகிவிட்டது.

அப்புறம் நடந்தது எல்லாம் சீக்கிரம் நடந்தது. அவருக்கு வேலை போயிற்று. பென்ஷனில் பாதி போயிற்று. ஜெயிலரை மாற்றினார்கள். கட்டைக்கு இன்னும் ஏழு வருஷம். ஜெயில் தன் கடமையைச் செய்யவில்லை என்று தீர்ப்பு எழுதி, தையல்காரருக்கு அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள், கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பக்கத்து வீடுகளில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் இருபத்துமூன்று ஜன்னல்களிலும் திரையைக் கழற்றிவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அவர் ஒரு மரக்கிடங்கில் வாசல்காரராக இருந்தார். பதினோரு வருஷம். அங்கே பூட்டு பெரியது. ஒரு தடவைதான் பூட்டுவார். பூட்டுவதற்கு முன்னால் கிடங்கு முழுக்கச் சுற்றி வந்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா, நாய் பூனை ஏதாவது மாட்டிக்கொண்டதா என்று குனிந்து குனிந்து பார்ப்பாராம். கிடங்கு முதலாளி அவரை மெண்டல் என்று நினைத்தார். அந்தத் திங்கட்கிழமைச் சண்டைக்கு அப்புறம் என்னிடம் கடைசிவரை அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் பேசவே இல்லை. சண்டையில்கூட எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

தையல்காரர் திரும்பக் கடை வைத்தார். சம்சாரம் மெஷினில் உட்காருகிறாள், அவர் இடது கையால் அளவெடுத்துச் சொல்கிறார். ஒரு தடவை துணிப் பையோடு அந்தத் தெரு முனைவரை போனேன். கடையில் அவள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். மகளிடம் நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தையைப் போன மாசம்தான் சொன்னேன். அவள், "நோட்டு எடுத்துட்டு வரேன், நீயே முதல்ல இருந்து சொல்லு" என்றாள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விசாரணை முடிந்த அன்று நாங்கள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. அவர் ஆஸ்பத்திரி வாசல் பக்கம் நடந்தார். எதிரே வரிசையாகக் கடைகள். அதில் ஒன்றில் கம்பி முழுக்க வெள்ளை உடுப்புத் தொங்கியது, நர்ஸ் பிள்ளைகளுக்கென்றே தைத்து வைத்தது, சின்னது நடுத்தரம் பெரியது என்று. முழங்காலுக்குக் கீழே நாலு விரல், காலர் வைத்து. வருஷக்கணக்காக அந்தக் கடை அங்கேதான் இருக்கிறது. அவர் சட்டைப் பையில் கையை விட்டு என்னுடைய முடிச்சு நூலை எடுத்தார். இத்தனை நாளும் அதை வைத்திருந்திருக்கிறார். கடைக்காரர் அந்த நூலை ஒரு உடுப்பின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "நடுத்தரம் சரியா இருக்கும்" என்றார். மூன்று செட் கட்டிக் கொடுத்தார். விலை நூற்று முப்பத்தைந்து ரூபாய். ஒன்றுக்கு இல்லை, மூன்றுக்கும் சேர்த்து.